பேசாப் பொருளாகிவிட்ட பெண்களின் எலும்பு நலம்

ஒரு பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டால் எமது சமூகம் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சடித்து, வீடியோ பிடித்துக் கொண்டாடுகின்றது. இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இச்சாமத்தியச் சடங்குகள் திருமண விழாக்களோடு போட்டியிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அதே பெண்ணுக்கு நாற்பத்தைந்திலோ ஐம்பதிலோ மாதவிடாய் நின்றுபோகும்போது, அதனைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கணவர் அறியமாட்டார். பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். நடுச்சாமத்தில் உடல் எரிந்து வியர்த்து எழுந்து யன்னலைத் திறந்துவிட்டு நிற்பவள், விடிந்ததும் வழமைபோல வேலைக்குப் புறப்படுகின்றாள். சிடுசிடுத்தால் "அவவுக்கு வயது போகுது" என்ற ஒற்றை வசனத்துடன் விடயம் முடித்து வைக்கப்படுகின்றது.

இம்மௌனத்துக்கான விலையைப் பெரும்பாலும் அப்பெண்ணின் எலும்புகளே செலுத்துகின்றன. வியர்வையும் எரிவும் சில ஆண்டுகளில் தணிந்துவிடலாம். எலும்பில் நிகழும் இழப்போ ஓசையின்றித் தொடர்ந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பனிக்காலக் காலையில் நடைபாதையில் சறுக்கி விழும்போதுதான் தன்னை வெளிப்படுத்துகின்றது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நன்று. எம்மவர் "எலும்புத் தேய்வு" என்று சொல்லும்போது இருவேறு நோய்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றனர். முழங்கால் மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் நோவது ஒன்று. எலும்பின் உட்புறம் பொருக்குப்போல் வெறுமையாகி எளிதில் முறியும் நிலையை அடைவது மற்றொன்று. முன்னையது வலிக்கும், பின்னையது முறியும்வரை வலிப்பதில்லை. இக்கட்டுரை பின்னையதைப் பற்றியது. அதனை எலும்பு நலிவு என்று இங்கே குறிப்பிடுகிறேன். எனக்கு நாரி நோ இல்லை, ஆகவே என் எலும்பு நல்லாயிருக்கின்றது என்று எண்ணியிருக்கும் சகோதரிகள் இவ்வேறுபாட்டை மனதிற்கொள்ளவேண்டும்.

எலும்பு உயிருள்ள இழையம். பழைய எலும்பை அரித்து அகற்றும் கலங்களும் புதிதாகக் கட்டும் கலங்களும் அதனுள் நாள்தோறும் வேலை செய்கின்றன. இடிப்பவனும் கட்டுபவனும் சம அளவில் உழைக்கும்வரை வீடு நிலைத்து நிற்கும். பெண்ணின் உடலில் இடிப்பவனின் கையைப் பிடித்து வைத்திருப்பது சூலகத்திலிருந்து சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன். மாதவிடாய் நிற்கையில் அது வெகுவாகக் குறைந்துவிட, இடிப்பவன் கட்டுபவனை முந்திவிடுகின்றான். முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்புத் திணிவில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இழக்கப்படலாம். மணிக்கட்டு முறிவதும், முள்ளந்தண்டுக் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சப்பையாகி உயரம் குறைவதும், முதுகு கூனுவதும், இறுதியில் இடுப்பு எலும்பு முறிவதும் இதன் தொடர்ச்சியே. முதிய வயதில் இடுப்பு முறிந்தவர்களுள் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மரணமடைகின்றனர். பிழைத்தோரிற் பலர் முன்போல் தனித்து நடமாடுவதில்லை.

குறைந்துபோன ஓமோனை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் புல்லர் ஆல்பிறைட் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு நலிவுக்கும் ஈஸ்திரஜன் குறைவுக்கும் தொடர்புண்டு என்று 1941ஆம் ஆண்டில் எழுதினர். 1942இல் பிறீமறின் என்ற குளிசை அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அது கர்ப்பமுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. இதைச் சொன்னதும் மரக்கறி உணவு உண்ணும் அம்மாமார் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். ஆனால் இன்று பிரித்தானியாவில் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கப்படுவது தாவரக் கிழங்குகளிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு ஆக்கப்படும் ஈஸ்திரடையோல். அது பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரப்பதை ஒத்தது.

பின்பு நடந்தவற்றைக் காணும்போது, வைத்திய விஞ்ஞானம் எப்போதும் நேர்கோட்டில் நடப்பதில்லை என்பது விளங்கும். 1966இல் றொபேட் வில்சன் என்ற வைத்தியர், ஈஸ்திரஜன் உட்கொண்டால் பெண் என்றும் இளமையோடிருப்பாள் என்று வாக்களித்து ஒரு நூல் எழுதினார். மருந்துக் கம்பனிகளின் பணம் அவரது நிறுவனத்துக்குச் சென்றிருந்தது பிற்பாடு வெளிவந்தது. 1975இல் ஈஸ்திரஜனைத் தனியே உட்கொள்ளும் பெண்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வருவது கூடுதல் என்று தெரிந்ததும் விற்பனை வீழ்ந்தது. பின்னர், கருப்பை உள்ளவர்களுக்கு புரோஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த அபாயம் தவிர்க்கப்படும் என்பது உறுதியானது. தொண்ணூறுகளில் மேற்குலகில் இம்மருந்து எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதென்று பெருமளவில் எழுதிக் கொடுக்கப்பட்டது. எம்மவர் பெருந்தொகையாக இந்நாடுகளில் குடியேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எனினும் எமது பெண்களின் கைகளுக்கு அது அதிகம் வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டால்தானே கிடைக்கும்?

அடுத்து வந்தது 2002 ஜூலை. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களிடம் நடைபெற்ற பெரும் ஆய்வொன்று, சராசரி 5.2 ஆண்டுகள் கடந்த நிலையில் இடைநிறுத்தப்பட்டது. "ஓமோன் மருந்தால் மார்பகப் புற்றுநோய்" என்று உலகெங்கும் பத்திரிகைகள் தலைப்பிட்டன. அன்று அச்சமடைந்தவர்கள் இன்றும் அவ்வச்சத்திலிருந்து மீளவில்லை. எமது வீடுகளில் இம்மருந்தைப் பற்றி யாரேனும் எதனையும் அறிந்திருந்தால் அது இந்தத் தலைப்பு மட்டுமே.

ஆகவே அத்தலைப்பின் கீழிருந்த எண்களைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். ஈஸ்திரஜனையும் புரோஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்துப் பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு உட்கொண்டால், உட்கொள்ளாதவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பாரிசவாதம் 8 பேருக்கும், சுவாசப்பையில் குருதிக்கட்டி 8 பேருக்கும், இதய நோய் 7 பேருக்கும் கூடுதலாக ஏற்படும். அதே பத்தாயிரம் பேரில் இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடற் புற்றுநோய் 6 பேருக்கும் குறையும். இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதே இதன் பொருள். எலும்பு நலிவு உள்ளவர்களெனத் தெரிந்தெடுக்கப்படாத சாதாரணப் பெண்களிடமும் இடுப்பு முறிவை இம்மருந்து தடுக்கும் என்று முறையான பரிசோதனை ஒன்று காட்டியது அதுவே முதற்றடவை. அச்செய்தி தலைப்பாகவில்லை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்திரஜனை மட்டும் கொடுத்துச் செய்த மறுபாதி ஆய்வு 2004இல் நிறுத்தப்பட்டது. அங்கே பாரிசவாதம் கூடியது. இடுப்பு முறிவு குறைந்தது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இன்னுமொன்று. இப்பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கும் மேலான பின்னர் முதன்முறையாக மருந்து தொடங்கியவர்கள் அவர்களுட் பெரும்பாலோர். ஐம்பது வயதில் உடல் எரிவோடு வைத்தியரிடம் செல்லும் பெண்ணின் குருதிக்குழாய்களும் எழுபது வயதுப் பெண்ணின் குருதிக்குழாய்களும் ஒன்றல்ல. பிற்கால ஆராய்வுகள் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபதுக்குட்பட்டோரிடமும் மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கியோரிடமும் நன்மை தீமைக் கணக்கு வேறாகவிருந்தது. அதே பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2017இல் வெளியான அறிக்கை, மருந்து உட்கொண்டோருக்கும் உட்கொள்ளாதோருக்குமிடையே மொத்த மரணங்களில் வேறுபாடில்லை என்றது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்மருந்துகளின் பெட்டிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது.

இதனால் இனி எல்லோரும் ஓமோன் குளிசை விழுங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை நீக்கத்தைக் கொண்டாடுவோர் சிலரின் பேச்சில் 1966ஆம் ஆண்டு நூலின் வாடை வீசுகின்றது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நெடுங்காலம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஆண்டுகளோடு கூடுகின்றது என்பது இன்றும் மறுக்கப்படாத உண்மை. ஏற்கனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், ஈரல் நோயாளர் ஆகியோருக்கு இது பொதுவாக ஏற்றதன்று. கால் நரம்பில் குருதி உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதனை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ ஈஸ்திரஜனைப் பெற்றால் குருதி உறையும் அபாயம் குளிசையைப்போல் கூடுவதில்லை என்பதால், இவர்களுக்கான வழி அங்கே இருக்கலாம். மருந்தை நிறுத்தினால் எலும்புக்குக் கிடைத்த காப்பும் சில ஆண்டுகளில் கரைந்துவிடும் என்பதையும் மறைக்கக்கூடாது.

ஆகவே எலும்புக்காக மட்டும், வேறெந்தத் துன்பமும் இல்லாத, எழுபது வயதை அடைந்த ஒரு அம்மாவுக்கு இதனைப் புதிதாகத் தொடங்குவது தவறு. அவருக்கு வேறு மருந்துகள் உள. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அலெண்ட்ரோனேற் குளிசையை வாரம் ஒருமுறை எடுத்தாற் போதும். வெறுவயிற்றில், ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்கவேண்டும். இதனைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தேநீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்து, நெஞ்செரிவு வந்து, மருந்தை அலுமாரியில் போட்டு வைத்திருப்போர் எம்மிடையே உளர். ஐம்பதுகளில் இருப்பவளின் நிலை வேறு. உடல் எரிவும் நித்திரையின்மையும் இருந்து, எலும்பும் நலிவடையும் அறிகுறி இருந்தால், ஒரே மருந்து இரண்டுக்கும் உதவும். அறுபதுக்குட்பட்ட, மற்ற அபாயங்கள் குறைந்த பெண்களுக்கு எலும்பு காக்கும் வழிகளுள் ஒன்றாக ஓமோன் சிகிச்சையைப் பிரித்தானிய வழிகாட்டல்கள் ஏற்றுக்கொள்கின்றன.

எனது கவலையெல்லாம் மூன்றாவது வகையினரைப் பற்றியது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், சத்திரசிகிச்சையில் சூலகங்கள் அகற்றப்பட்டவர்களும் இவ்வகையினர். இவர்களைப் பொறுத்தவரை வைத்திய உலகில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. தடையேதும் இல்லாவிடின், இயல்பாக மாதவிடாய் நிற்கும் சராசரி வயதான ஏறத்தாழ 51 வரையாவது ஓமோன் கொடுக்கப்படவேண்டும். இவர்கள் பெறுவது உடல் தானாகச் சுரந்திருக்கவேண்டியதன் ஈடு மட்டுமே. 2002ஆம் ஆண்டு ஆய்வின் எண்களை இவர்கள்மீது சுமத்துவது பொருந்தாது. 35 வயதில் சூலகத்தை இழந்து ஒன்றும் எடுக்காதிருக்கும் பெண்ணின் எலும்பு, மற்றவர்களைவிடப் பதினைந்து ஆண்டுகள் முந்தியே நலிவடையத் தொடங்குகின்றது.

எமது பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். "கருப்பை எடுத்தாச்சு" என்பார்கள். சூலகமும் எடுத்தார்களா என்றால் தெரியாது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ செய்த சத்திரசிகிச்சைக்கான அட்டை, இடப்பெயர்வுகளின்போது வீட்டோடு போயிற்று. சூலகம் எஞ்சியிருந்தால் ஓமோன் சுரப்பு தொடரும். இல்லையேல் அன்றே நின்றிருக்கும். மாதவிடாய் வராததால் அப்பெண்ணால் தானாக வேறுபாட்டை அறியவும் முடியாது. இங்குள்ள குடும்ப வைத்தியரிடம் இதனைச் சொன்னால் ஸ்கான் மூலமோ இரத்தப் பரிசோதனை மூலமோ ஓரளவு கண்டறிய வழியுண்டு. சொல்லாவிட்டால் எந்த வைத்தியரும் ஊகிக்கப்போவதில்லை. போரினால் தொலைந்த ஆவணங்களின் பட்டியலில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் மட்டுமா உள்ளன?

"எங்கட அம்மம்மாமார் இதெல்லாம் எடுத்தோ வாழ்ந்தவை?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அவர்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளினர், உரலில் இடித்தனர், வெயிலில் நடந்தனர். நெத்தலியை முள்ளோடு உண்டனர். குரக்கன் நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அப்படியிருந்தும் கூனிய முதுகோடு தடியூன்றி நடந்த கிழவிகள் எமது ஊர்களில் எத்தனை பேர்? அதனை நோயென்று நாம் அழைக்கவில்லை, வயதென்று அழைத்தோம். கல்சியமும் விற்றமின் டியும் அவசியமானவை. ஆயினும் ஓமோன் வீழ்ச்சியால் வரும் இழப்பை அவை தாமாக நிறுத்தமாட்டா.

விற்றமின் டி பற்றி ஒரு செய்தி. நோர்வேயில் வாழும் இலங்கையரையும் இலங்கையிலேயே வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஒரே மண்ணில் பிறந்தவர்களாயினும் நோர்வேயில் வாழ்வோரின் குருதியில் விற்றமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது. கறுத்த தோலுக்கு வடபுலத்து மெலிந்த சூரியன் போதுவதில்லை. விடியுமுன் துப்புரவு வேலைக்குச் சென்று இருட்டியபின் வீடு திரும்புபவளுக்கு அந்தச் சூரியனும் இல்லை. நோர்வேயோ உலகிலேயே இடுப்பு எலும்பு முறிவு மிக அதிகமாக நிகழும் நாடுகளுள் ஒன்று. கறுத்த தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி எடுப்பதுபற்றி எண்ணவேண்டும் என்று பிரித்தானியாவில் ஆலோசனை கூறப்படுகின்றது. இதற்கு மருந்துச் சீட்டும் வேண்டியதில்லை, அதிக பணமும் வேண்டியதில்லை.

எலும்பின் திணிவை அளக்கும் டெக்ஸா பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடலில் ஊசி குத்துவதில்லை. கதிர்வீச்சும் மிகச் சொற்பமே. அதன் விடையில் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழான எண் வந்தால் எலும்பு நலிவு என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வகுத்த அளவுகோல். எமது பெண்களின் எலும்புகள் இயல்பிலேயே சிறியவை என்பதால் இந்த இயந்திரம் சற்றுக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாமல், தாய்க்கு இடுப்பு முறிந்ததா, முன்பு எலும்பு முறிந்ததா, ஸ்டெரொயிட் மருந்து எடுத்ததுண்டா என்பவற்றையும் சேர்த்து எடைபோடும்படி வைத்தியரிடம் கேட்கலாம்.

புகலிடக் கோரிக்கை முடிவாகாத நிலையில் உள்ளவர்கள் வைத்தியரிடம் போனால் வழக்குக்குப் பாதிப்பு வருமோ என்று தயங்குவதுண்டு. பிரித்தானியாவில் புகலிடம் கோரியிருப்போருக்கு என்.எச்.எஸ். வைத்தியம் இலவசமாகும். இங்கிலாந்தில் எச்.சி.2 என்ற சான்றிதழ் உள்ளவர்களுக்கு மருந்துச் சீட்டுக்கும் கட்டணமில்லை. கட்டணம் செலுத்துவோருக்கும் ஓமோன் மருந்துகளுக்கென ஒரு முற்கொடுப்பனவுச் சான்றிதழ் 2023 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. இரண்டு மருந்துச் சீட்டுக்கான கட்டணத்துடன் ஓராண்டு முழுவதற்குமான ஓமோன் மருந்துகளைப் பெறலாம்.

இவை யாவும் இருந்தும் எமது பெண்கள் வைத்தியரின் அறையில் வாய் திறக்காதிருப்பதற்கு ஒரு காரணம் எம் வீடுகளிலேயே உள்ளது. மொழி தெரியாத தாய்க்கு மொழிபெயர்ப்பவன் பெரும்பாலும் பதினாறு வயது மகன், அல்லது கணவர். மாதவிடாய் எப்போது நின்றது, இரத்தப்போக்கு உண்டா, தாம்பத்திய உறவில் வலி உண்டா என்று வைத்தியர் கேட்கும்போது மகன் தலைகுனிகிறான். தாய் "ஒண்டுமில்லை எண்டு சொல்லு" என்கிறாள். வைத்தியர் பரசெற்றமோல் எழுதிக் கொடுத்து அனுப்புகின்றார். என்.எச்.எஸ். வைத்தியசாலைகளிலும் குடும்ப வைத்தியரிடத்திலும் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் சொல்லலாம். தொலைபேசி வழியாகவும் அது ஒழுங்கு செய்யப்படும். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே இதனைக் கேட்டுவைத்துவிட்டு, அம்மா உள்ளே போனதும் மகன் வெளியில் கதிரையில் இருந்தாற் போதும்.